தானாக வந்த ஆறுதல்

அம்மாவுக்கு மகனின் வணக்கம். மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா?

இங்கே ஒரு வேடிக்கை. ஊழியர் வீட்டில் சாவு விழுந்தால், சில நாள் கழித்துத் தானாக ஆறுதல் செய்தி போகும்படி பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். "அது பாட்டுக்குப் பின்னால காத்திருக்கட்டும்ப்பா, மத்த வேலை நிக்கக் கூடாது" என்றார் மேலாளர். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க லீவு கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

நேற்று அந்தச் செய்தி எனக்கே வந்தது. "உங்கள் துக்கத்தில் நிறுவனமும் பங்கு கொள்கிறது." நான் எழுதிய வரி. பக்கத்து நாற்காலிக்காரன்கூடத் திரும்பவில்லை. சிரித்துவிட்டேன், அம்மா.

மேலாளர் வருகிறார், முடிக்கிறேன். அப்பா போனுக்கு மட்டும் ரீசார்ஜ் செய்து வையுங்கள். நான் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.

உங்கள் மகன்