உன் பேருக்கு ஒரு பார்சல் வருகிறது

மாதனூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகன் ஜெஸ்டனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். அந்த டெல்லிப் பக்கத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் தினம் காலையில் ஸ்கூட்டியைக் கிளப்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி, ஷூ கம்பெனி பஸ்ஸில் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறார், ஏறிவிட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

என்னோடு பார்சல் எடுக்கிற மஹபூப் பாஷா அண்ணனை நீ மறந்திருக்க மாட்டாய், பத்தாவது படிக்கும்போது அவர் ஆட்டோவில்தானே நீ பள்ளிக்கூடம் போனாய். போன மாதம் பள்ளிகொண்டா பைபாஸில் வெயில் தாங்காமல் வண்டியோடு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பார்சல் கம்பெனி அவருடைய ஐடியை மூடிவிட்டது, எட்டு பார்சல் நேரத்துக்குப் போகவில்லையாம். அவருக்காக நான்தான் ஆப்பில் குறை எழுதினேன். ஏழே நிமிஷத்தில் உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில் வருகிறது! நட்சத்திரமாம், வாயில் நன்றாக வந்தது எனக்கு. படுத்துக் கிடக்கிற மனுஷனை ஏன் வரவில்லை என்று கேட்க அவ்வளவு பெரிய கம்பெனியில் ஒருத்தர்கூட இல்லையா?

அதற்குத்தான் போன செவ்வாய்க்கிழமை நம் ஹப்பில் பார்சல் எடுக்கிற இருபத்துமூன்று பேரும் வேலையை நிறுத்தினோம். லாகவுட் செய்தால் லீவு போட்டதாக ஆகிவிடும், அதனால் லாகின் செய்தபடியே பாலாற்றங்கரை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டோம். போன்களை எல்லாம் ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டி நடுவில் வைத்தோம். ஆர்டர் வர வர மூட்டை தனக்குத்தானே முனகிக்கொண்டு கிடந்தது. பகலில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்றடா எனக்கு. மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கானல் ஆடியது, கண் எப்போது மூடியது தெரியவில்லை. ஆற்றில் கரை முட்டத் தண்ணீர் போகிறது, நாங்கள் எல்லோரும் அதன்மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறோம், சக்கரம்கூட நனையவில்லை. பார்சல்கள் மிதந்து மிதந்து அது அது தன் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. சின்னப் பிள்ளையாக நீ எனக்கு முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறாய், உன் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசனை. எங்கே போகலாம் என்று கேட்டேன், எங்கயும் வேணாம்மா, இப்டியே போலாம் என்கிறாய். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

எங்களோடு வண்டி ஓட்டுகிற நவநீதன் தோளைத் தட்டி, அக்கா, மூட்டையில உங்க போன்தான் ஜாஸ்தி அடிக்குது, புள்ளையா இருக்கப் போறான்னு எழுப்பினான். நீதான். எங்க ஆபீஸ் மேப்பில் உங்க இருபத்துமூணு புள்ளியும் ஆத்தோரம் ஒரே இடத்தில் நிக்குதே, இன்னாம்மா பண்றீங்க, நீ மட்டும் எதுலயும் பேர் போட்டுடாதம்மா, என் வேலைக்கே வந்துடும் என்றாய். சரிப்பா என்றேன்.

அந்த வார்த்தையை நான் காப்பாற்றவில்லை. மன்னித்துக்கொள். நீ போனை வைத்த பிறகுதான் மனு எழுதினோம். ஒரே வரிதான், ஐடியை மூடுவதற்கு முன்னால் ஒரு மனுஷன் போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். முதல் கையெழுத்துப் போட்டவரைத்தான் முதலில் தூக்குவார்கள் என்று ஒரு பயம். எங்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனியில் இருந்தவர்கள்தானே, ஒரு ஷூவின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டை ஒட்டியே வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். எது முதல் எது கடைசி, ஆண்டவருக்குத்தான் தெரியும். மனுவை நம் ஹப்பிலேயே பார்சலாக புக் செய்துவிட்டால் வரவில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது, வாங்குகிறவர் சொல்கிற ஓடிபி சாட்சிக்கு இருக்கிறதே. ஆனால் வாங்குகிற ஆள் பேரும் நம்பரும் வேண்டும். கம்பெனியில் ஒரு மனுஷர் பேர்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

நீ அதே கம்பெனியின் பெரிய ஆபீஸில் இருப்பது எல்லோருக்கும் தெரியும், நான்தான் ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருக்கிறேனே. ஆனால் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானாக உன் பேரை எடுத்தபோது, எங்களோடு வந்து உட்கார்ந்திருந்த பாஷா அண்ணன் சம்சாரம் ஹஃப்ஸாதான் என் கையைப் பிடித்து, வேணாம்க்கா, புள்ள பொழப்பு, எங்களுக்கு அல்லா இருக்கான் என்றாள். புருஷன் வேலை போய்க் கிடக்கிறான், அவள் என் பிள்ளைக்குப் பயப்படுகிறாள். அதற்கப்புறம் எழுதாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லையடா. பேர் ஜெஸ்டன், உன் நம்பர், என் கையாலேயே எழுதினேன்.

இந்தக் கடிதம் இன்று தபாலில் போகிறது, பார்சலை நான் சொல்லி வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், நீ முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக. நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. நீ போகையிலும் வருகையிலும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வை. பார்சல் கொண்டு வருகிறவர் வெயிலில் வந்திருப்பார், முதலில் தண்ணீர் கொடு. ஓடிபியைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொல்லாவிட்டால் அது ரிட்டர்ன் ஆகி என் ரூட்டுக்கே வரும், நானே வாங்கிக்கொள்வேன். நம்பரை நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அம்மா டோரதி