கொடிக்கால் வாசலில் நிற்காத மகளுக்கு

சின்னமனூர்,
ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை.

என் தங்க மகள் கயலுக்கு அப்பா கர்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நம் வெற்றிலைக் கொடிக்காலும் சுகம். அங்கே நீ சுகமா என்று ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிட மாட்டேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், சுகமா தாயி? இதற்குப் பதில் வந்தே ஆக வேண்டும். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசனுக்குக் காகிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன், பக்கத்துக் கொடிக்கால் தங்கப்பாண்டி வரைக்கும் நம் வீட்டுக் கதை கேட்கும். சொல்லப்போகிற விஷயம் அப்படிக் கேட்கிற விஷயம் இல்லை. அதோடு, எனக்கு வாய் வராது, நீயும் "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று பட்டென்று வைத்துவிடுவாய். காகிதத்துக்கு முகம் கிடையாது, அதனால் துணிந்து எழுதுகிறேன், நீயும் துணிந்து படி.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. உன் அம்மா தேறிவிட்டாள்! பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் எனக்கு முன்னால் அவள் நடக்கிறாள், நான் பின்னால் ஓடுகிறேன். தேறுகிற அளவுக்கு என்ன நடந்தது என்று பதறுவாய், அதையும் சொல்கிறேன், உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள் அவள்தான், கோபத்தை அங்கே காட்டு. வைகாசியில் நீ ரயில் ஏறின மறு வாரம், தேனியில் வெற்றிலைக் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நடுரோட்டில் சுருண்டு விழுந்துவிட்டாள். ஒரு ஆட்டோக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஜெபஷீலா என்று ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டார். போர்டைப் பார்த்த பிறகுதான் அது பெண்களுக்கான ஆஸ்பத்திரி என்று தெரிந்தது. பெஞ்சு பூராவும் பெண்கள், நடுவில் நான் ஒருத்தன், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே கூப்பிட்டு, மாதவிடாய் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் இருக்கிறது, எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். உன் அம்மா என்னைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், நினைவில்லை என்கிறாள். எனக்குத்தான் எல்லாம் நினைவிருந்தது. எப்படி என்கிறாயா? நம் கொடிக்காலில் அந்த நாட்களில் பெண்கள் படலைத் தாண்டி உள்ளே வருவதில்லையே, வந்தால் கொடி வாடிப்போகும் என்று என் தாத்தா காலத்துக் கட்டுப்பாடு. வெளியே வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து, கொடி கட்டுவதற்கு வாழைநார் கிழிப்பார்கள். ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஆண்கள் யாரும் கேட்பதில்லை, தெரியாத ஆணும் கிடையாது. முன்பெல்லாம் உன் அம்மா மாதம் ஒருமுறை உட்காருவாள், எழுந்துவிடுவாள். இந்தத் தையிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை உட்கார்ந்தாள், உட்கார்ந்தால் பத்து நாளாகியும் எழவில்லை. நார் குவிந்து வைக்க இடமில்லாமல் தங்கப்பாண்டிக்குச் சுமை சுமையாகக் கொடுத்தேன், "என்னண்ணே, ஒங்க வீட்டுல நார் மில்லு வச்சிருக்கீகளா"ன்னு அவன் சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் டாக்டரம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் புருசனும் இவ்வளவு சரியாச் சொல்லி நான் கேட்டதில்ல, ஆனா இவ்வளவு தெரிஞ்சும் இத்தன மாசம் ஏன் கூட்டிட்டு வரல?" என்றார்.

ரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் உன் அம்மாவுக்கு ஏழுதான் இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி, பயப்படுகிற கட்டி இல்லை என்று எல்லாம் சோதித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாத்திரை, இரும்புச் சத்து, மாதம் ஒருமுறை போய்க் காட்டுவது, அவ்வளவுதான். போன வாரம் பார்த்தால் ரத்தம் பத்தைத் தாண்டிவிட்டது, அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கப் போனேன், உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வருசாவருசம் வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதற்காக நாளைத் தள்ளிப்போட மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறாள், அதற்கும் நல்ல டோஸ் விழுந்தது. கௌமாரியம்மன் உன்னிடம் மாத்திரையா கேட்டாள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இனிமேல்தான் உன் விஷயம். போன வாரம் போனபோதுதான், உங்களுக்குப் பெண் பிள்ளை உண்டா என்று டாக்டரம்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். உன் அம்மா படக்கென்று, "அவளுக்கு எனக்கு நேர் எதிர்த்தாப்புல டாக்டர், மூணு மாசம் நாலு மாசம் வர்றதே இல்ல, எள்ளுருண்ட புடிச்சுக் குடுத்தேன், அதுக்கும் வரல" என்று அழுதுவிட்டாள். அவளைத் திட்டாதே, அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதை அவள் அதுவரை காப்பாற்றித்தான் வந்தாள். எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. சித்திரையிலும் வைகாசியிலும் ஒன்றரை மாதம் வீட்டில் இருந்து வேலை பார்த்தாயே, தினமும் விடிந்ததும் கொடிக்காலுக்கு வந்துவிடுவாய், ஒரு நாள் கூட நீ வாய்க்கால் மேட்டில் உட்காரவில்லை. எனக்கு அதில் என்ன பெருமை தெரியுமா? டீக்கடையில் சொல்லாத ஆளில்லை. "எம்மக பூனாவுல கம்ப்யூட்டரு தட்டுறவ, இங்கன வந்தா ஒருநா கூட கொடிக்கால விட்டு வெளிய நிக்க மாட்டா, அம்புட்டுப் பாசம்" என்று மார்தட்டினேன். உன் அம்மா நாராகக் கிழித்துக் குவித்தாள், நீ ஒரு நார் கூடக் கிழிக்கவில்லை, இரண்டும் உடம்பு போட்ட சத்தம்தான், எனக்கு ஒன்று வேடிக்கையாகவும் இன்னொன்று பெருமையாகவும் தெரிந்தது பார்.

டாக்டரம்மா சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். வேலை மாறினால், தூக்கம் கெட்டால், மனக்கவலை இருந்தால், எடை கூடினால் குறைந்தால், ஒரு மாதம் முன்னே பின்னே ஆவது எல்லோருக்கும் உண்டு, அதற்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் மூன்று மாதமாகியும் வரவில்லை என்றால் போய்க் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இருபத்தொரு நாளுக்குள் திரும்ப வந்தாலும் முப்பத்தைந்து நாளைத் தாண்டியே வந்தாலும் காட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனால், நடுவில் பட்டால், கட்டி கட்டியாகப் போனால், எழுந்து நிற்க முடியாத வலி என்றால் காட்ட வேண்டும். மணிக்கு ஒரு பேடு நனைந்து தலையும் சுற்றினால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அப்போதே போக வேண்டும். பேடு என்ற வார்த்தையை எழுதக் கை கூசியது, எழுதி முடித்த பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை, கூரை அப்படியேதான் இருக்கிறது. உனக்கு என்னவாக இருக்கும் என்று கேட்டேன். தைராய்டாக இருக்கலாம், நீர்க்கட்டியாக இருக்கலாம், உன் ராத்திரி ஷிப்டாகவும் இருக்கலாம், பிள்ளையைப் பார்க்காமல் நான் எப்படிச் சொல்வேன், எதுவாக இருந்தாலும் வைத்தியம் இருக்கிறது, விட்டுவைக்கத்தான் கூடாது என்றார். அந்த "வைத்தியம் இருக்கிறது" என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இதற்குள் உன் அக்கம்மாள் அத்தை காதுக்கு எப்படியோ போய்விட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "கல்யாணப் பேச்சு நடக்குற நேரத்துல கொமரிப்புள்ள அந்த டாக்டர்கிட்டப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக, தாலி ஏறுனா எல்லாம் தன்னால சரியாப் போயிரும்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா என்றும் பார்க்காமல், "கொடியில வாடல் கண்டா மருந்து வைப்பியா, வித்து முடிக்கிற வரைக்கும் மூடி வைப்பியா? பேசுற நாலு பேரும் வந்து எம்மகளுக்கு ரத்தம் குடுப்பாகளா?" என்று கேட்டுவிட்டேன். முறுக்கிக்கொண்டு போனாள், மறுநாள் காலையில் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள், சமாதானம். தாலி ஏறினால் சரியாகுமா என்று டாக்டரம்மாவிடமும் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன், "தாலி என்ன தைராய்டு மாத்திரையா?" என்று சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் உடம்பை மறைத்துக் கட்டிக்கொடுக்கிற கல்யாணம் நம் வீட்டில் நடக்காது.

ஆகவே நீ செய்ய வேண்டியது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அங்கே ஒரு நல்ல பெண் டாக்டரிடம் நாள் வாங்கு. கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று தெரிந்த வரைக்கும் சொல். முகத்தில் முடி வருகிறது, பரு வருகிறது என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டாயாமே, அதையும் சொல். அவர்கள் எதைக் கேட்டாலும், எதைக் கேட்டாலும் என்று இரண்டு தடவை எழுதுகிறேன், ஒளிக்காமல் பதில் சொல். நான் அங்கே இருக்க மாட்டேன், பிறகும் கேட்க மாட்டேன். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி வரவழைக்காதே. தனியாகப் போகப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் அடுத்த சந்தோஷம். உன் அம்மா அங்கே வருகிறாள்! மதுரையைத் தாண்டி அறியாதவள் புரட்டாசி முதல் வாரம் தனியாக ரயில் ஏறுகிறாள், டிக்கெட் எடுத்தாயிற்று. நான் கூட வருகிறேன் என்றால் கொடிக்காலுக்கு யார் தண்ணீர் கட்டுவது என்கிறாள். அங்கே பாஷை தெரியாதே என்றதற்கு, குமுளிச் சந்தையில் பழகின மலையாளத்தை எடுத்துவிடுவாளாம், அவர்கள் பாடு. புதுச் செருப்பு வாங்கி இப்போதே வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறாள். எள்ளுருண்டையும் வரும், ருசிக்காகச் சாப்பிடு, மருந்தென்று சாப்பிடாதே.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது. இந்த மாதம் உன் அம்மாவுக்குச் சரியான நாளில் வந்தது. வழக்கம்போல வாய்க்கால் மேட்டில் நாரை எடுத்து மடியில் போட்டு உட்கார்ந்தாள். நான் படலைத் திறந்து, உள்ளே வா என்றேன். வெற்றிலை அடுக்குகிற இருளம்மாள், "அய்யய்யோ, கொடி கருகிப்போகும்ணே" என்று கத்தினாள். கருகினால் கருகட்டும், கொடியை மறுபடி நட்டுக்கொள்ளலாம், விழுந்த பொம்பளையை யார் நட்டுத் தருவார்கள் என்றேன். உன் அம்மா மடியில் இருந்த நாரைக் கீழே வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, புதுப்பெண் மாதிரி குனிந்தபடி உள்ளே வந்தாள். மறுநாளும் வந்தாள். கொடி கருகவில்லை கயல், ஒரு இலை கூட வாடவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் அது பாட்டுக்கு அகத்தி மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று இருளம்மாளும் நாரை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து வெற்றிலை அடுக்கினாள்.

அதில் ஒரு சிக்கல் வந்துவிட்டது பார். படலைத் திறந்துவிட்டேன், இனிமேல் யாருக்கு எப்போது, எத்தனை நாள் என்று கொடிக்கால் எனக்குச் சொல்லாது. நீ லீவுக்கு வந்து நாளெல்லாம் உள்ளேயே நின்றாலும் நான் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியாது. இனி நீதான் தாயி வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அம்மாவிடம் எல்லாம் சொல். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், வைத்தியம் ஆரம்பித்து என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு, "அப்பா, நார் கிழிச்சேன்" என்று போனில் ஒரு வரி சொல்லிவிடு. தங்கப்பாண்டி கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும், நான் ஸ்பீக்கரில் போட்டே சந்தோஷப்படுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுக்காதே, ஷிப்டை மாற்றிக் கேட்டுப் பார். டாக்டரிடம் நாள் வாங்குவதை மறந்துவிடாதே, அம்மா வந்து இறங்கும்போது அது தயாராக இருக்க வேண்டும். வீரபாண்டி கௌமாரி உன் தலைமாட்டில் நிற்கட்டும், நீ நூறு வருசம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அந்த ஒரு வரிக்காகப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரியும்
உன் அப்பா,
கர்ணன்.