வரைபடம் யார் கையில்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஓயாத காற்று. லேப் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கீபோர்டு மேல் சிமெண்ட் தூசி. சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில், மதுக்கரையில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தால் இப்படித்தான்.

முடிக்க வேண்டியவை: எட்டாம் வகுப்பு விடைத்தாள். சிலிண்டர் புக்கிங். மைக் செத்துப்போன ஹெட்செட்.

மாலையில் கம்ப்யூட்டர் விளையாட்டு வகுப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒரு கப்பல். மெர்லின் திரையில் மட்டும் வரைபடம். கவின் கையில் ஸ்டியரிங். ரஃபீக் எஞ்சின். ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியாது. ஹெட்செட்டில் பேசிப் பேசியே பாறைகளுக்கு நடுவில் கப்பலைக் கரை சேர்க்க வேண்டும்.

போன மாதம் முழுக்கக் கவினின் கத்தல்தான். "லெஃப்டுன்னா எந்த லெஃப்டு, லூசு!" மூழ்கும். அடுத்தவர் மேல் பழி. மறுபடி மூழ்கும்.

இன்று மெர்லின்: "மெல்லத் திருப்பு. இன்னுங் கொஞ்சம். ஹோல்டான்."

கவின்: "ஹோல்டான் பண்ணிட்டேன். அடுத்து?"

டவுன் பஸ் கண்டக்டர் பாஷை. நான் சொல்லிக் கொடுத்ததல்ல. கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதும் அவர்களே போட்டுக்கொண்ட விதி. முதல் தடவையாகக் கரை! நாற்காலி மேல் ஏறிக் குதித்ததில் ஒரு நாற்காலிக்குக் கால் போச்சு. திட்ட மனம் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

கவினின் அப்பா வந்தார். தோட்டம், பம்பு கம்பெனி எல்லாம் உள்ளவர். லேப் கம்ப்யூட்டர்கள் அவர் கொடுத்தவை. கதவுக்கு மேல் பெயர்ப் பலகை.

"ஏனுங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா? பையன் ஊட்டுல ஒரே கப்பல் பேச்சுத்தானுங்க. சந்தோசமுங்க."

நானும் மகிழ்ந்து தொலைத்தேன்.

"அந்த மேப்புப் பாக்கற புள்ள, மெர்லினுங்களா, அது எந்தப் பக்கத்துப் புள்ளைங்க?"

"ஏழு பி செக்‌ஷனுங்க" என்றேன். என்ன கேட்கிறார் என்று தெரிந்தேதான்.

சிரித்தார். "அதில்லீங்க. அதோட தாத்தன் எங்க தோட்டத்துல வேலைக்கு இருந்தவனுங்க. நாங்க வித்தியாசமெல்லாம் பாக்கறதில்லீங்க. ஒண்ணாப் படிக்கட்டும். ஆனா அந்தப் புள்ள திருப்புன்னு சொல்லி எம் பையன் திருப்பறது... சனிக்கிழமை பெத்தவங்கல்லாம் வாராங்கல்லீங்க? நாலு பேரு பாப்பாங்க. கொஞ்சம் மாத்திப் போட்டுருங்க."

ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை. தாத்தாவுக்கு மட்டும் 'வேலைக்கு இருந்தவன்'. குரலும் உயரவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "புள்ளைங்களே பிரிச்சுக்கிட்ட வேலைங்க. மாத்த மாட்டேனுங்க" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிடு!

ராத்திரி வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர்: "உனக்கெதுக்கு வம்பு?" அவரோடும் சண்டை.

ஜூலை 9, புதன்

பிரின்சிபால் கூப்பிட்டார். எதிர்பார்த்ததுதான்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மிஸ். டீம்வொர்க்குன்னாலே அட்ஜஸ்ட்மெண்ட்தானே?"

டீம்வொர்க் என்ற வார்த்தையை இந்த வேலைக்கா எடுப்பது?

"அப்படின்னா காரணத்தையும் நீங்களே பிள்ளைங்ககிட்டச் சொல்லிடுங்க மேடம்" என்றேன். லேப்புக்கு வந்தார். காரணத்தைச் சொல்லவில்லை.

"இனிமே கவின் மேப். ரஃபீக் ஸ்டியரிங். மெர்லின் எஞ்சின்."

மெர்லின் எழுந்து நின்றாள். "ஏனுங்க மேடம்? நான் தப்பாச் சொன்னனுங்களா?"

"எல்லாருக்கும் சான்ஸ் கெடைக்கணுமில்ல கண்ணு."

ரஃபீக்: "எங்களுக்கு இதே நல்லா இருக்குதுங்க மேடம்."

"பெரியவங்க சொன்னாக் கேக்கணும்."

கவின் தலையே தூக்கவில்லை. மெர்லின் ஹெட்செட்டைக் கழற்றி, வயரைச் சுருட்டி, மேஜை மேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவை அடித்துச் சாத்தக்கூட இல்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். மெர்லின் லேப்புக்கு வரவில்லை. மைதானத்தில் ரிங் பால் ஆடிக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அவளே சொன்னாள். "எனக்குத் தெரியுமுங்க மிஸ். கவின் எல்லாத்தையும் சொல்லிட்டான். அவங்கப்பா ஊட்டுல பேசினது அப்புடியே."

"நீ அழுதியா கண்ணு?"

"அவந்தான் அழுதான். எனக்குக் கோவந்தானுங்க."

எனக்கும்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் இந்தக் கோபம் எதற்கு வர வேண்டும்? பேசிப் பழகட்டும், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கட்டும் என்று மாதக்கணக்கில் மெனக்கெடுகிறேன். அது நடந்ததும் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஹெட்செட் மாற்றக் காந்திபுரம். பில் இல்லாமல் மாற்ற முடியாதாம். திரும்பி வரும் பஸ்ஸில் பின் சீட்டில் இருவர்:

"இந்தக் கேமு வெளையாடித்தானுங்க புள்ளைங்க கெட்டுப்போவுது."

"ஆமாங்க. பெரியவங்க பேச்சே கேக்கறதில்லீங்க."

திரும்பி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் ஸ்டாப் வந்துவிட்டது.

ஜூலை 12, சனி

ஹாலில் பெரிய திரை. கவினின் அப்பா முதல் வரிசை. அம்மா பக்கத்தில், பட்டுச் சேலையில். மெர்லின் கடைசி வரிசையில் அவள் அம்மாவோடு. எஞ்சினுக்கு அவசரமாகப் பிடித்த வேறொரு பெண். கவின் முன்னால் வரைபடம், வாயருகே மைக்.

ஆட்டம் தொடங்கியது. கவின் பேசவில்லை.

"எந்தப் பக்கம்டா?" ரஃபீக்கின் குரல் ஸ்பீக்கரில். பதில் இல்லை. கப்பல் நேராகப் போய்ப் பாறையில் மோதி மூழ்கியது. மைக்தான் கோளாறென்று நினைத்து நான் ஓடினேன். மைக் நன்றாகவே இருந்தது. மறுபடி தொடக்கம். மறுபடி மௌனம். மறுபடி மூழ்கல். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரின்சிபால் குனிந்து, "பேசு கண்ணு, பேசு."

அப்பா எழுந்தார். "என்னடா? வாய்ல என்ன வெச்சிருக்கே?"

அப்போதுதான் வாயைத் திறந்தான். மைக்கில், ஹால் முழுக்கக் கேட்கும்படி:

"மெர்லின் சொல்லக்கூடாதுன்னா நானும் சொல்ல மாட்டேனுங்கப்பா."

ஆனாலும் 'ங்க' போட மறக்கவில்லை.

பிரின்சிபால் மைக்கைப் பிடுங்கி, "மெர்லின், வாம்மா, வந்து சொல்லு" என்றார். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. மெர்லின் எழவில்லை. அவள் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பிறகு இருவரும் எழுந்து வெளியே போனார்கள்.

பின்னாலேயே போனேன். கேட் அருகில் மெர்லின் திரும்பினாள். "வேண்டாம்னா போகணும், வான்னா வரணுமுங்களா மிஸ்?"

இல்லை கண்ணு. இதைச் சத்தமாகச் சொன்னேனா, மனசுக்குள்ளேயா, இப்போது நினைவில்லை.

ஜூலை 14, திங்கள்

லேப்புக்குப் புதுப் பூட்டு. விளையாட்டு வகுப்பு 'மறு அறிவிப்பு வரை' நிறுத்தம். எனக்கு மெமோ: மாணவர்களைத் தூண்டிவிட்டதற்கு விளக்கம் கேட்டு. தூண்டிவிட்டேனாமே! ஒரு பையன் தானாக யோசித்து ஒரு காரியம் செய்வான் என்று இவர்களால் நினைக்கவே முடியவில்லை.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நாலு முறை கிழித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். கவினின் அப்பா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, 'ங்க' எதுவும் விடாமல். வேலை போனால் போகட்டும். (வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. மாவு புளித்துவிட்டது.)

ஜூலை 15, செவ்வாய்

பிரின்சிபாலிடம் விளக்கம் கொடுத்தாயிற்று. படித்தார். "இதையா ஃபைல்ல வைக்கச் சொல்றீங்க?" "ஆமாங்க மேடம்."

மாலை ஐந்தரைக்கு மெர்லினின் அம்மா போனிலிருந்து ஒரு லிங்க், அதே கப்பல் விளையாட்டுக்கு; போனிலேயே ஆடலாம். கீழே: "மிஸ், ரஃபீக் போனை அவங்க அண்ணன் கொண்டுபோயிட்டான். எஞ்சினுக்கு ஆள் இல்லீங்க. வாரீங்களா?"

போனேன். மெர்லின் வரைபடம். கவின் ஸ்டியரிங். எஞ்சின் எனக்குப் புதுசு. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் கூட்டிவிட்டேன்.

"மிஸ், சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் அழுத்துங்க!" மெர்லின்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் திட்டு. சரியான திட்டுதான்.

நடுவில் கவின் பக்கமிருந்து ஒரு பெண் குரல். அவன் அம்மா. தாழ்ந்த குரலில்:

"ஏனுங்க டீச்சர், எம் போனுதானுங்க. அவரு தோட்டத்துக்குப் போயிருக்காரு, வர்றதுக்கு அரை மணி நேரமாவும். அதுக்குள்ள வெளையாடட்டுமுங்க."

அரை மணி நேரம். ஒளிந்துகொண்டு. பிள்ளைகள் ஒன்றாகக் கப்பல் ஓட்டுவதற்கு இந்த ஊரில் கிடைப்பது இவ்வளவுதான். நன்றி சொல்ல வாய் வரவில்லை எனக்கு. அவரும் அதற்குக் காத்திருக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, என்னை விட்டுவிட்டு மெர்லினிடம் பேசினார்:

"அம்மணி, எம் பையன் நீ சொல்றபடி கேக்கறானா?"

கப்பல் இரண்டு பாறைகளுக்கு நடுவில்.

"கேக்கறானுங்க. கொஞ்சம் இருங்க, இப்பப் பேசாதீங்க."

அம்மா பேசவில்லை.