நெஞ்சுக்கு விரற்கடை தூரம்

நவம்பர் 29
செவலை இன்றும் தவிட்டுத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. முதுகைக் கூனி, முன்னங்கால்களை அகட்டி நிற்கிறாள். படுக்கப் போனால் முனகுகிறாள். ஏழு மாதச் சினை. கன்றுதான் படுத்துகிறதோ என்று வயிற்றில் கை வைத்தேன். உள்ளே உதைத்தது. அந்த உதைக்காகத்தான் தினமும் வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன். இன்று அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 1
குட்டியானை வண்டியில் ஏற்றித் திருவண்ணாமலை மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அறிவுச்செல்வன் முதுகை அழுத்திக் கிள்ளியதும் செவலை முனகினாள். பிறகு ஸ்கேன் வைத்துப் பார்த்தார்.

"கல்யாணப் பூ ஏதாவது போட்டீங்களா?"

போட்டேன். நான் கூட்டிப் பெருக்கும் மண்டபத்தின் மேடைப் பூவை மூட்டை கட்டி வந்து போட்டேன். அவளுக்கு ரோஜா என்றால் உயிர்.

"பூ கட்டற கம்பிங்க. மாடு மென்னு பாக்காது, அப்படியே முழுங்கிடும். வயித்துல குத்தி நிக்குது. அதுக்கு முன்னாடி இதயம், விரக்கடை தூரம்தான். கன்னு வளர வளர கம்பிய முன்னாடி தள்ளும். கழுத்துக்குக் கீழ தொங்கற அலைதாடில வீக்கம் வந்துட்டா இதயத்துல ஏறிடுச்சுனு அர்த்தம். அப்புறம் அறுத்தும் பிரயோஜனமில்ல."

இன்னும் வீக்கமில்லை. ஆபரேஷனுக்கு வேண்டிய ஆட்கள் கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தையில் இருக்கிறார்கள். தீபக் கூட்டத்துக்காக நாளையிலிருந்து ஊருக்குள் வண்டியும் விடமாட்டார்கள். ஐந்தாம் தேதி வரச் சொன்னார். அதுவரை ஊசி. கம்பி முன்னால் நகராதிருக்க, முன்னங்கால் உயர்ந்தே நிற்க வேண்டுமாம்.

டிசம்பர் 2
தொழுவத்தில் மண் கொட்டி மேடு கட்டினேன். வீட்டுக்காரர் கைகட்டி நின்றார்.

"விழறதுக்கு முன்னாடி புரோக்கர்கிட்ட குடுத்துடலாம் தேவி. சினை மாடு, வாங்கிக்குவான்."

நான் இன்னொரு கூடை மண்ணைக் கொட்டினேன்.

வயிற்றைத் தொடவே பயம். தூர நின்று, உதைக்காதே, உதைக்காதே என்று கெஞ்சுகிறேன். ஒரு வயிற்றைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது?

டிசம்பர் 3
மலையில் தீபம். எங்கள் கீழ்பென்னாத்தூரே மாடியில் நின்று கும்பிட்டது. நான் வாசலில் வைத்த அகலை எடுத்துப்போய்ச் செவலையின் அலைதாடியைத் தடவினேன். கொஞ்சம் கனத்த மாதிரி – வீக்கமா? வெறும் தோலா? அவரைக் கூப்பிட்டேன். அவரும் தடவினார்.

"தெரியலடி," என்றார். அகலை வாங்கி இன்னும் கிட்டப் பிடித்தார்.

டிசம்பர் 4
வீக்கம் இல்ல. இல்லதானே?

நேற்று சரிந்திருந்த மண்மேடு காலையில் சரியாக இருந்தது. மண்வெட்டியில் ஈரம். அவர் கால் நகங்களிலும் மண்.

டிசம்பர் 5
நிற்க வைத்தே, விலா மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தார்கள். டாக்டர் தோள் வரை கையை உள்ளே விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வந்தது பச்சைத் தாள் சுற்றிய ஒரு கம்பி. நான் தினமும் பெருக்கித் தள்ளுகிற அதே பச்சை.

"இதயத்துப் பைய உரசியிருக்கு, குத்தல. ஒரு வாரம் போவட்டும், அப்புறம் சொல்றேன்."

இனி எந்தக் கம்பி போனாலும் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு காந்தத்தை வயிற்றுக்குள் விட்டுத் தைத்தார்.

டிசம்பர் 9
காய்ச்சல். கண்ணே திறக்கவில்லை. கடவுளே.

டிசம்பர் 14
ஒரு பிடி கடலைக்கொடி தின்றாள். நான் இன்னும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். அவர் வாங்கி வந்த மாலையை விரலால் இழை இழையாகத் தடவிப் பார்த்தேன். கம்பி இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை, வேலியில் மாட்டிவிட்டேன். வாழைநாரில் நானே சாமந்தி கட்டிப் போட்டேன். நிமிஷத்தில் இழுத்து விழுங்கிவிட்டாள். கீழே சிந்திய நாரை எடுத்து மறுபடி தடவிப் பார்த்தேன். இந்தப் பயம் இனி எனக்குப் போகாது.

டாக்டர் தைரியமாக இருக்கச் சொல்கிறார். இத்தனை நாள் கழித்து இன்றுதான் வயிற்றில் கை வைத்தேன். ஒன்றும் இல்லை. கையை எடுக்காமல் நின்றேன். அப்போதும் இல்லை.

"உதை," என்றேன்.

உதைத்தது.