இடப்பக்கம் தாழ்ந்த வண்டி

மாப்ள,

இன்று காலை பட்டறையில் ஒரு மலை வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். மட்கார்டின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்திருந்த செம்மண் கட்டி பெயர்ந்து நேராக என் வாயில் விழுந்தது. துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பழகிய ருசிதான். வெள்ளிமலைக்கு மேலே, தார் ரோடு முடிந்த பிறகு வருகிற மண். உன் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்தே கல்வராயன் மலையில் பாதியை நான் தின்றிருப்பேன். நீ இருந்திருந்தால் உப்பு போதுமா என்று கேட்டிருப்பாய்.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. உன் வண்டிக்கு என்ன நடந்தது என்பதை உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, அவளுக்குக்கூட அதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நீ போய்ச் சேர்ந்து, உன் கருமாதி முடிந்ததும் உன் அண்ணன் பேச்சை எடுத்தார். மலை வண்டியை ஒரு பொம்பளை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நல்ல விலை வரும்போதே தள்ளிவிடலாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒரு புரோக்கரையும் கூட்டிவந்து காட்டினார். மறுநாள் தங்கச்சி சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை அவளே ஓட்டிப் போனாள். மளிகை மூட்டைகளை மேலே இறக்கிவிட்டு, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். நீ சொல்லிக்கொடுத்த ஓட்டம்தானே. அவளுக்கு எதற்கு லைசென்ஸ் என்று அப்போது உன்னைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வாரம் ஓட்டினாள். பிறகு வண்டியைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“எடது பக்கம் இழுக்குதுண்ணா. எறக்கத்துல வளைவுல பயமாகீது. நீ சரி பண்ணிக் குடுத்தா வச்சிக்கினு ஓட்டறன். இல்லன்னா குடுத்துடலாம். புரோக்கரு ஞாயித்துக்கெழம வராரு.”

அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வண்டிதான் சோறு. மழைக்காலத்தில் மற்ற வண்டிகள் தார் முடிகிற இடத்தில் நின்றுவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற உன் வண்டி மட்டும்தான் மேலே போகும். அதனால்தான் மேலே இருக்கிற கடைக்காரர்கள் அவளுக்கும் சரக்கு கொடுத்தார்கள். வண்டி போனால் அதுவும் போய்விடும்.

முன்னால் நின்று பார்த்தேன். இடது பக்கம் தாழ்ந்திருந்தது, கண்ணுக்கே தெரிந்தது. இந்த வண்டியில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாக நீளமான முறுக்குக் கம்பிதான் என்பது உனக்குத் தெரியும். அதன் முனையில் இருக்கிற போல்ட்டை இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். மலை வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம், தாழ்ந்த பக்கத்தை இறுக்கித் தூக்கிவிட்டு டீ குடிக்கப் போவது. எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் தாழ்ந்த இடத்தில்தான் நோய் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. காலில் முள் குத்தினால் ஆள் இடுப்பைச் சாய்த்து நடக்கிறான்.

வண்டியைச் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தினேன். பின்னால் கிடந்த கயிறு, தார்ப்பாய், காலிச் சாக்கு எல்லாவற்றையும் இறக்கினேன். காற்றைச் சமம் பண்ணினேன். தரையிலிருந்து அளந்தால் டயர் பொய் சொல்லும் என்பதால் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தேன். ஒரு விரல் அகலம் வித்தியாசம்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டா தளர்ந்திருந்தால் அது முன்பக்கத்தையும் சேர்த்துச் சாய்க்கும். அதனால் பின்னால் சட்டத்தின் நட்ட நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் தப்பு இருந்தால் முன்பக்கம் தானாக நேராகிவிட வேண்டும். நேராகவில்லை. பட்டா குற்றவாளி இல்லை. முன்சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கையில் இருக்கிற ரப்பர் புஷ்களைக் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்த்தேன், அவையும் நன்றாகவே இருந்தன. ஜாக்கியை இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, டயரை இளகவிட்டு மறுபடி அளந்தேன். அதே விரல்.

நானே எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வரை போய் வந்தேன். எனக்கும் இழுத்தது. வருகிற வழியெல்லாம் உன்மேல் கோபமாக வந்தது. இப்படி ஒரு வண்டியையா இத்தனை வருஷம் ஓட்டினாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? டீ குடிக்கும்போது ஊர்க்கதை எல்லாம் பேசுவாய், இதைச் சொல்ல மட்டும் வாய் இல்லையா?

திரும்பி வந்து கடைசியாக முறுக்குக் கம்பிகளின் அந்த இரண்டு போல்ட்டுகளையும் பார்த்தேன். இடது பக்க போல்ட் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. வலது பக்கம்தான் கூடுதலாக இறுக்கப்பட்டிருந்தது. அதாவது இடது பக்கம் தாழவே இல்லை, வலது பக்கம் உயர்ந்திருந்தது. ஓட்டுகிறவர் பக்கம். எந்த மடையன் இதை முறுக்கினான் என்று டார்ச் அடித்துத் துடைத்துப் பார்த்தால், நட்டின்மேல் மஞ்சள் பெயிண்ட் கோடு. வேலை முடிந்ததும் அப்படிக் கோடு போடுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

அப்புறம்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நீ வண்டியைக் கொண்டுவந்தால் இறங்கவே மாட்டாய். ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு கடலை உரித்துத் தோலை என் தலைமேலேயே போடுவாய். முட்டி வலி என்பாய். அளவு எடுக்க வேண்டும், கொஞ்சம் இறங்கு என்று நான் கத்திய ஒருநாள் நீ சொன்னது:

“ஓட்றவன் இல்லாம வண்டி எதுக்கு மச்சான் நேரா நிக்கணும்? நான் உக்காந்துகினே இருக்கன், நீ அள.”

சோம்பேறித்தனத்துக்கு என்ன பேச்சு பார் என்று திட்டிக்கொண்டே அளந்தேன். உன் உடம்பு அப்படி. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை நாற்காலி முறிந்த கதை சங்கராபுரம் வரைக்கும் தெரியும். உன் பாரத்தில் வலது பக்கம் அமுங்கி நின்றது, அதைத் தூக்கி இடது பக்கத்தோடு சமமாக்கி மஞ்சள் கோடு போட்டேன். வீல் அலைன்மென்ட் எடுத்தபோதும் நீ உள்ளேதான் உட்கார்ந்திருந்தாய். உனக்கு அது ஒருநாளும் இழுத்திருக்காது. நீ இறங்கிய பிறகு அது எப்படி நிற்கிறது என்று யார் பார்த்தோம்?

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை மாப்ள. நீ இல்லை, அவ்வளவுதான்.

பாடை எடுக்கும்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை. செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன, செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வண்டிக்கு அடியில்தான் வந்தது. டீ கொண்டுவந்தவர் என்ன என்று கேட்டார், கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றேன்.

சனிக்கிழமை தங்கச்சியை வரச்சொல்லி ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னேன். அவள் என்ன எடை இருக்கப் போகிறாள், உன்னில் பாதிகூடத் தேறமாட்டாள். முன்பக்கத்தைத் தூக்கிக் கம்பியின் பாரத்தை எடுத்துவிட்டு, வலது போல்ட்டைத் தளர்த்தினேன். துரு பிடித்திருந்தது, சுலபத்தில் அசையவில்லை. உன் பிடிவாதம் அதற்கும் வந்துவிட்டது. கொஞ்சம் தளர்த்துவதும், இறக்குவதும், அவளை விட்டே முன்னும் பின்னும் ஓட்டச்சொல்லி அளப்பதுமாக மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றது. பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன். அவளை உள்ளே வைத்தே அலைன்மென்ட்டும் எடுத்தோம்.

நான் கூடப் போகவில்லை. நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தால் மறுபடி கணக்கு கெட்டுவிடும். அவள் தனியாக மலையேறி, முதல் வளைவுகளைத் தாண்டித் திரும்பி வந்தாள். இறங்கும்போதே முகம் தெளிந்திருந்தது. இழுக்கவில்லை என்றாள். அங்கேயே நின்று உன் அண்ணனுக்குப் போன் போட்டு, புரோக்கர் வரவேண்டாம், வண்டியைக் கொடுக்கப்போவதில்லை என்று சொன்னாள். அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். சரிங்க மாமா, சரிங்க மாமா என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

பிறகு என்ன கோளாறு என்று என்னிடம் கேட்டாள். அவர் எடைக்கு வைத்திருந்ததை உன் எடைக்கு மாற்றினேன் என்றேன். வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

“எவ்ளோண்ணா இருந்துது?”

விரலைப் படுக்கவைத்துக் காட்டினேன்.

“அவ்ளோதானா?” என்றாள். என் பதிலுக்கு நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதெல்லாம் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் ஓட்டுகிறவரை உள்ளே உட்காரவைத்துத்தான் அளக்கிறேன். ஒருவர் இருக்கிற இடத்தில் நாளைக்கு இன்னொருவர் உட்காருவார் என்பதும் தெரிந்தேதான் கோடு போடுகிறேன். வண்டியிலிருந்து உன்னை இறக்கிவிட்டேன் மாப்ள, அவள் பயமில்லாமல் மலை இறங்கி வரவேண்டும், வேறு வழி இல்லை. என்னிடமிருந்து உன்னை இறக்க எந்த போல்ட்டைத் திருப்ப வேண்டும் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் அதில் கை வைக்கமாட்டேன்.