கலிஃபோர்னியா நம்பர் பிளேட்

அன்பு மகள் கெல்சிக்கு அம்மா எழுதுவது. ஃப்ரெஸ்னோவில் நைட் ஷிஃப்டுக்கு நடுவிலும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் வண்டியின் நம்பர் பிளேட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று அப்பாவே வண்டிப் பதிவு ஆபீஸ் இருக்கும் கோர்ட் ஹவுஸுக்குக் கிளம்பிவிட்டார், நான் போகிறேன் என்றால் கேட்டால்தானே, நிலக்கரிச் சுரங்கம் தின்ற நுரையீரலை வைத்துக்கொண்டு ஆக்ஸிஜன் உருளையை இழுத்து இழுத்துப் படியேறி, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் வகுப்பு வேறு எடுத்திருக்கிறார். "ஊர் ஊரா கான்ட்ராக்ட்ல போற ட்ராவல் நர்ஸுக்கு லைசென்ஸு, வண்டி, ஓட்டு எல்லாம் சொந்த ஊர்லயே இருக்கணும், இல்லேன்னா வரிக்காரன் இது அவ வீடே இல்லேன்னுடுவான்" என்று. ஜன்னலில் இருந்த பெண், "ஹார்லன், இந்த வண்டிய போன மாசமே கலிஃபோர்னியாவுக்கு மாத்தியாச்சே, பொண்ணு சொல்லலியா?" என்று கேட்டாளாம். "சொன்னா சொன்னா, நாந்தான் மறந்துட்டேன்" என்று சிரித்துச் சமாளித்தாராம். வீட்டு வாசலுக்கு வந்தவர் டிரக்கை விட்டு இறங்கவே இல்லை கெல்சி. நான் போய்க் கதவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். நமக்கு வரிக்கணக்குப் போடும் ரோண்டாவிடம் ஓடினேன். "ஒரே ஊர்ல வருஷத்துக்கு மேல இருக்கப்போறோம்னு தெரிஞ்ச அன்னைலேர்ந்தே, இப்ப வரியில்லாம வர்ற வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி ரெண்டுக்கும் வரி விழும் வாண்டா. இன்னொரு கான்ட்ராக்ட் போட்டான்னா வருஷம் தாண்டிடும். பிளேட்டும் மாத்திட்டா, அப்புறம் இங்க அவளுக்கு வீடுன்னு என்ன இருக்கு?" என்றாள். அவள் வரிக்காகத்தான் கேட்டாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதாமாதம் இங்கே நம் வீட்டில் இருக்கும் உன் அறைக்கு வாடகை அனுப்புகிறாயே, அது வரிக்காரனுக்குக் காட்ட மட்டும்தானா? அங்கேயே தருகிறார்கள் என்று நீ சொன்ன அந்தப் புதுக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அங்கே யாராவது பையன் இருக்கிறான் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வா, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவான் இல்லையா?

இதை உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "சொன்னா பாதியில போட்டுட்டு ஓடி வருவா, அவ பேரு கெட்டுடும்" என்கிறார் மனுஷன். இப்போது இருக்கும் கான்ட்ராக்ட் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே முடிகிறது, முடித்துவிட்டே வா, ஆனால் வா. என்னால் தனியாக இதைப் பார்க்க முடியாது.

ஆண்டவர் உன் கைகளையும் நீ தொடும் நோயாளிகளையும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்ததும் அவரிடம் டாக்டர் பேச்சை எடுக்காதே. அவருக்காக வந்தேன் என்றும் சொல்லாதே. வரிச் சட்டத்துக்குப் பயந்து வந்தேன் என்று சொல், தான் சொன்னது சரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்.

உன் அம்மா
வாண்டா