பதினோராம் பக்கத்து வரி

மார்ச் 4
தபோலி கிராமத்தில் புவிவெப்ப மின்சார விழிப்புணர்வுக் கூட்டம். ஹிமாசலத்தில் இது ஆறாவது. வெந்நீர்க் குண்டத்தருகே சோற்றுக்கடை வைத்திருக்கும் துலாரி எழுந்தாள். "மேடம், பக்கத்துல துளை போட்டா குண்டம் ஆறிடாதே? துணியில முடிஞ்ச அரிசி இதுலதான் வேகுது. எங்களுக்கும், சாமிக்கும்."
சாமியிடமே கேட்டார்கள். வாக்கு சொல்லும் பிஷன் ராம் உடம்பு உதற, "படிச்சவ சொல்லட்டும்" என்று என்னைக் காட்டிவிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின.
"ஆறாது" என்றேன். சம்மதம் சொல்லிக் கைகள் உயர்ந்தன. துலாரியின் கை கடைசியாக.

மார்ச் 5
என் அறிக்கையில், பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: குண்டத்துக்கும் ஆழத்து நீருக்கும் தொடர்பு இருக்கலாம். "விழிப்புணர்வுக்குப் போறோமா, பயமுறுத்தப் போறோமா?" என்று கூட்டத்துக்கு முன்பே எங்கள் இயக்குநர் சூத் சிரித்தார். அவர் சிரிக்க மட்டும்தான் செய்தார். அழித்தது நான்.

ஏப்ரல் 22
சோதனைக் கிணற்றில் நீராவி சீறியது. சிம்லா அலுவலகத்தில் லட்டு. நானும் தின்றேன்.

மே 19
துலாரி போன் செய்தாள். "சாதம் நடுவுல அரிசியாவே நிக்குது மேடம்."
"பனி உருகின தண்ணி கலந்திருக்கும்" என்றேன். இருக்கலாம்தானே?

ஜூன் 3
இல்லை. நேரில் அளந்தேன். 91 டிகிரியாக இருந்தது இப்போது 78. குண்டத்தில் வைத்திருந்த கருவியின் பதிவைப் பார்த்தால், கிணற்றைத் திறந்த மூன்றாம் நாளே சரிவு தொடங்கியிருக்கிறது.
துலாரி கேஸ் அடுப்பில் வடித்துக்கொண்டிருந்தாள். "கடை கெடக்கட்டும். பிஷன் வீட்டுல இப்ப யாரும் தண்ணிகூட வாங்கிக் குடிக்கறதில்ல. சாமி பேரச் சொல்லி ஊரை ஏமாத்திட்டாராம்."
அவர் எதுவுமே சொல்லவில்லையே. சொன்னவள் நானில்லையா — எனக்கு மட்டும் டீ கொடுத்தார்கள். அதையும் குடித்தேன். சீ.

ஜூன் 10
கோயில் முற்றத்தில் அந்த வரியை வாசித்தேன். அழித்தது நான் என்றும் சொன்னேன். பிஷன் ராம் தலை நிமிரவில்லை.
துலாரிதான் பேசினாள். "அன்னிக்கே வாசிச்சிருக்கலாமே. வேணாம்னா சொல்லியிருப்போம்? கரண்ட் எங்களுக்கும் வேணும். அளந்து, பாத்துப் பாத்து செய்யுங்கன்னு சொல்லியிருப்போம்."
கிணற்றை மூடச் சொல்லிக் கடிதம் அனுப்பினேன். சூத்: "மாநிலத் திட்டத்தையே படுக்க வெச்சிட்டீங்க."

செப்டம்பர் 28
கிணறு மூடி மூன்று மாதம். குண்டம் 84. புதிய துண்டறிக்கையில் அந்த வரி முதல் பக்கத்தில் இருக்கிறது. மற்றதையெல்லாம் பறித்து, துண்டறிக்கை எழுதும் வேலையை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.
துலாரி குண்டத்திலிருந்து முடிச்சைத் தூக்கிச் சட்டியில் அவிழ்த்து, எனக்கும் பிஷன் ராமுக்கும் ஒரே பலகையில் இலை போட்டாள். "மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்காம சாப்பிடுங்க, தீதி." மேடம் போய் அக்காவாகியிருந்தேன்.
நடுவில் இன்னும் அரிசிதான். பிஷன் ராம் மென்றுகொண்டே சட்டியை என் பக்கம் தள்ளினார். மறுபடி போட்டுக்கொண்டேன்.